ஏழாம் மைலில் ஒரு தூக்குப்போசி

ஏனுங்க, முட்டி இடிக்குதுங்களா? சித்தெ அக்கட்டால நகர்ந்துக்கறேன். சோறுதானுங்க, குண்டு இல்லீங்க. எல்லாரும் கேக்கறாங்க, பெருசு, அதைக் கீழ வெச்சா என்னன்னு. இந்தத் தூக்குப்போசியை நான் இன்னைக்குக் கீழ வெக்கறதா இல்லீங்க. மடியை விட்டு எறக்க மாட்டேன். ஒருக்கா கீழ உழுந்து பட்டது போதும்.

காமிரா கொண்டாந்திருக்கீங்க. விழாவுக்குத்தானுங்களே? மேல வெள்ளிமேட்டுல இன்னைக்கு இந்த மலை ரயிலுக்கு நூறாவது வருச விழா. என்னைய மேடையில உக்கார வெக்கறாங்க. ஆமாங்க, என்னையத்தான். சென்னியப்பன். முப்பத்தஞ்சு வருசம் இதே லைன்ல பிரேக்ஸ்மேன். ரிட்டயராகி ரெண்டு வருசமாச்சு. எனக்கு இந்தச் சால்வை, மாலை, இதுலயெல்லாம் ஆசையே கெடையாதுங்க. சட்டையில பதக்கம் குத்தியிருக்கறது எதுக்குன்னு பாக்கறீங்களா? அந்த எடத்துல ஒரு சின்ன ஓட்டை. அதை மறைக்கத்தான்.

இந்தாங்க, விழா மலர். மேல போனாத்தான் எல்லாத்துக்கும் குடுப்பாங்க. எனக்கு முன்னாடியே ஒண்ணு அனுப்பிட்டாங்க. நாப்பத்திரெண்டாம் பக்கம் பாருங்க. நீங்க தேட வேண்டாம், கையில வாங்குனாலே அது அங்கதான் தொறக்கும். சத்தமாப் படிக்கோணும்னாலும் படிங்க. சரி, நானே சொல்றேன், மனப்பாடந்தான். ‘1979 ஐப்பசியில், கீமேன் நஞ்சுண்டனின் கவனக்குறைவால் நேரவிருந்த பெரும் விபத்து, முதல் பெட்டியில் நின்ற பிரேக்ஸ்மேன் சென்னியப்பனின் கழுகுக் கண்களால் தவிர்க்கப்பட்டது. நூற்றுப் பத்து உயிர்கள் காப்பாற்றப்பட்டன.’

நல்லா எழுதியிருக்காங்கல்லங்க? கழுகுக் கண்ணாம். அதுல நூத்திப் பத்து உயிருங்கறது நெசம். மிச்சமெல்லாம் பொய்யி. பொய் சொன்னது நானு.

பாத்தீங்களா, காமிராவை மூடிட்டீங்க. இருங்க, இருங்க. கல்லுக்குழி ஸ்டேசன் வர்றதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது. அதுக்குள்ள சொல்லிப்போடறேன்.

இந்த ரயிலைப் பத்தி ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டாப் போதும். எல்லா ரயில்லயும் எஞ்சின் முன்னாடி நின்னு இழுக்கும். இது மேல ஏறையில பின்னாடி நின்னு தள்ளும். பெட்டி கழண்டு உருண்டுபோயிரக் கூடாதுன்னு அப்படி ஏற்பாடு. நடுவால பல்லு வெச்ச தண்டவாளம் ஒண்ணு போகுது, அதைக் கவ்விக்கிட்டு ஏறும். பின்னாடி நிக்கற டிரைவருக்கு முன்னாடி யானை நிக்குதா, பூனை நிக்குதா, எதுவுந் தெரியாது. அதுக்குத்தான் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன், கையில பச்சைக் கொடி, செவப்புக் கொடி. முதப் பெட்டி முன்வாசல்ல நிக்கறவன் பாதையைப் பாத்துக் கொடி காட்டோணும். அவனைப் பாத்து ரெண்டாம் பெட்டிக்காரன், அவனைப் பாத்து மூணாம் பெட்டிக்காரன். கடைசியில டிரைவர். செவப்புன்னா நிறுத்தோணும். ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கேட்டுட்டு நிக்கறதுக்குள்ள வண்டி போயிருமில்லீங்க?

அன்னைக்கு அந்த முத வாசல்ல நின்னவன் நானு. மொத்த வண்டிக்கும் நாந்தான் கண்ணு. அந்தக் கண்ணு எதைப் பாத்துக்கிட்டு இருந்துச்சுங்கறதுதான் கதை.

அதுக்கு முன்னாடி ஒரு கழுதை கதை சொல்லோணும். சிரிக்காதீங்க, வரலாறுங்க. மலருல மூணாம் பக்கத்துல பார்டன் துரைன்னு மீசை வெச்ச ஒருத்தரு படம் போட்டிருக்குதே, அவருதான் இந்தப் பாதையை ‘அபார அறிவுத் திறனால்’ கண்டுபிடிச்சாருன்னு எழுதியிருக்குது. எங்க லைன் ஆளுகளைக் கேட்டா வேற சொல்லுவாங்க. துரை மூணு வருசம் மலையை அளந்து அளந்து பாத்தும் ஒண்ணும் வேலைக்காகலையாம். கடைசியில உப்பு மூட்டை ஏத்தின ஒரு கழுதையை அடிவாரத்துல அவுத்து விட்டு, அது போன வழியில முளைக்குச்சி அடிச்சுக்கிட்டே பின்னாடி போனாராம். மூட்டை சுமக்கற கழுதை செங்குத்தா ஏறாது பாருங்க, அதுக்கு வாட்டமான வழி அதுக்குத் தெரியும். அப்படிப் போட்ட பாதை இது. பாறை ஒடைக்கையில காச்சல் வந்தும் கல்லு உழுந்தும் செத்த கூலியாளுக எத்தனை பேருன்னு ஒரு கணக்குங் கெடையாது. மேல ஸ்டேசன்ல கல்வெட்டு இருக்குது, துரை பேரு மட்டுந்தான். கழுதை பேருமில்ல, செத்தவிய பேருமில்ல. புஸ்தகத்துல பேரு வர்றதுக்கும் வேலை செஞ்சதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. என்னையப் பாத்தாலே தெரியுதே.

கழுதையை எதுக்குச் சொல்றேன்னா, ஏழாம் மைல்ல ஒரு வளைவு இருக்குது. நேராப் போயிருக்க வேண்டிய எடம். கழுதை அங்க புல்லைக் கண்டு சட்டுனு வலது பக்கம் திரும்பிருச்சாம். துரையும் திரும்பிட்டாரு. தண்டவாளமும் திரும்பிருச்சு. அந்தத் திருப்பத்துலதான் என்ற தூக்குப்போசி உழுந்துச்சு. எல்லாத்துக்கும் அந்தக் கழுதைதான் காரணம்னு நான் ரொம்ப வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தனுங்க. எங்கூட்டுல பழனாத்தா ஒரு நாள் கேட்டா: “அந்தக் கழுதை செத்து எழுவது வருசமாச்சு, இன்னும் எத்தனை நாளைக்குங்க அது மேலயே ஏத்துவீங்க?”

தீவாளிக்கு மறுநாளுங்க அது. கலியாணமாகி முதத் தீவாளி. மாமனார் ஊட்டுச் சீர்ல வந்தது இந்தப் போசி. அன்னைக்கெல்லாம் எவர்சில்வருன்னா ஊரே வந்து தொட்டுப் பாக்கும். மூடியில பாருங்க, புள்ளி புள்ளியா வெட்டியிருக்குது, ‘ப. பழனாத்தாள்’னு. காலையில அதுல கோழிக் கொழம்பு ஊத்தி, மேத்தட்டுல சோத்தை வெச்சு, கையில குடுக்கையில சொன்னா: “போசி பத்திரமுங்க. போசி வந்தா நீங்க வாங்க. போசி வராட்டி நீங்களும் வர வேண்டாம்.” புதுப் பொண்டாட்டி வெளையாட்டுக்குச் சொல்றாளா, நெசமாச் சொல்றாளான்னு தெரிஞ்சுக்கற அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லீங்க.

முன்வாசல்ல எதையும் மாட்டக் கூடாதுன்னு சட்டம். நான் வெளக்கு மாட்டற கொக்கியில போசியை மாட்டியிருந்தேன். சாரல் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எல்லாப் பெட்டியிலயும் ஜன்னலை எறக்கி விட்டிருந்தாங்க. ஏழாம் மைல் திருப்பம். வண்டி ஒரு ஆட்டு ஆட்டுச்சு. கொக்கியில இருந்து போசி கழண்டு, ணங்குன்னு படியில பட்டு, சாக்கடை ஓரமா உழுந்து பின்னாடி போகுது. அதுல கோழிக் கொழம்பு போகுது, சீரு போகுது, மாமனார் போறாரு, என்ற குடும்பமே போகுது.

கை தானாத் தூக்கிருச்சுங்க. செவப்புக் கொடியை.

நான் யோசிச்சுத் தூக்கலை. யோசிச்சிருந்தாத் தூக்கியிருப்பனா? ஒரு தூக்குப்போசிக்கு ரயிலை நிறுத்துனா வேலை போகுமுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கு எப்பவுமே கைதான் முன்னாடி ஓடும், புத்தி பின்னாடி இருந்து தள்ளும், இந்த வண்டியாட்டமே. ரெண்டாம் பெட்டிக்காரன் செவப்பைத் தூக்கிட்டான், மூணாம் பெட்டிக்காரனும் தூக்கிட்டான், வண்டி கிறீச்சுன்னு நின்னுருச்சு. அவிய ரெண்டு பேரும் எஞ்சின் பக்கம் திரும்பிக் கொடி காட்டிக்கிட்டு இருக்கையில, நான் குதிச்சுப் பின்னாடி ஓடிப் போசியை எடுத்துட்டேன். போசி வயித்துல ஒரு நெளிசல், அவ்வளவுதான். கொழம்பு ஒரு சொட்டுக் கொட்டலை. எடுத்து மழைக்கோட்டுக்குள்ள விட்டுக்கிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்க, நான் சோத்தையே கோட்டுல மறைச்சவன்.

டிரைவர் அந்தோணிசாமி தலையை வெளிய நீட்டி, “டேய் சென்னி, என்னடா எழவு?”ன்னு கத்தறாரு. நான் வாயைத் தொறந்தேன். மாடுன்னு சொல்லலாமா, யானைன்னு சொல்லலாமான்னு நிக்கறேன். அப்பத்தானுங்க அந்தச் சத்தம். வண்டிக்கு முன்னாடி, முதப் பெட்டியில இருந்து நாப்பது தப்படி இருக்கும், மலையே எறங்கி வருது. மண்ணு, பாறை, மரம் எல்லாம் சேந்து தண்டவாளத்தைச் சுருட்டிக்கிட்டுப் பள்ளத்துக்குப் போயிருச்சு. கண்ணை மூடித் தொறக்கற நேரந்தான். அப்பறம் பாதையே இல்ல. வெறும் ஆகாசம்.

காக்கா உக்காரப் பனம்பழம் உழுந்த கதை. ஆனா காக்காயைப் பிடிச்சு மாலை போட்டது எங்கயாச்சும் நடந்திருக்குதுங்களா? எனக்கு நடந்துச்சு. பெட்டியில இருந்த சனமெல்லாம் எறங்கி ஓடியாந்தாங்க. பொம்பளைக என்ற காலைத் தொட்டுக் கும்புட்டாங்க. கைக்கொழந்தையோட ஒருத்தி, “சாமி, நீங்க நல்லா இருக்கோணும்”னு அழுவறா. கோட்டுக்குள்ள கோழிக் கொழம்பு சுடுது. அந்தோணிசாமி என்ற தோளைப் பிடிச்சு உலுக்கறாரு: “எப்படிடா கண்டே? எப்படிக் கண்டே?”

அங்கதானுங்க சொல்லியிருக்கோணும். நூத்திப் பத்து பேரும் சந்தோசத்துல இருந்தாங்க. ‘போசி உழுந்துச்சுங்க’ன்னு சொல்லியிருந்தா எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. மிஞ்சிப் போனா ஒரு மெமோ வந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? “சின்னச் சின்னதாக் கல்லு உருண்டுச்சுங்க. மேல ஒரு மரம் சாஞ்சாப்ல தெரிஞ்சுச்சு.”

கல்லோட நிறுத்தியிருக்கலாம். மரத்தை எதுக்குச் சேத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே புரியலைங்க. பொய்யி ஒத்தையா நின்னா ஆடுது, அதுக்கு ஒரு முட்டுக் குடுக்கோணும்னு தோணுச்சு போல. அந்த மரம் ஒரு மனுசன் மேல போய் உழுந்துச்சு.

நஞ்சுண்டன். அவருதான் கீமேன். ஆறாம் மைல்ல இருந்து எட்டாம் மைல் வரைக்கும் அவரு பொறுப்பு. தெனம் விடியக் காலையில சுத்தியலைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒவ்வொரு ஆணியாத் தட்டிப் பாத்து, மேல கரையைப் பாத்து, தண்ணி கசியுதா, மண்ணு வெடிச்சிருக்குதான்னு பாத்து நடப்பாரு. என்னைய விட ஏழு வயசு மூத்தவரு. வாயில வெத்தலை இல்லாம அவரைப் பாக்க முடியாது. எங்க வண்டி போகையில ஒதுங்கி நின்னு, “போலாம் தம்பி, பாதை சுத்தம்”னு கையைக் காட்டுவாரு. அன்னைக்குக் காலையிலயும் காட்டுனாரு.

விசாரணை வெச்சாங்க. பெரிய அதிகாரி ஒருத்தர் வந்திருந்தாரு. முதல்ல என்னையக் கூப்புட்டு மெச்சுனாரு. அப்பறம் அவரைக் கூப்புட்டாரு. “ஓடற வண்டியில நின்னவனுக்கு மரம் சாஞ்சது தெரிஞ்சிருக்கு. அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி அதே மரத்துக்குக் கீழ நடந்து போன உனக்குத் தெரியலையா?”

“மரம் நேராத்தானுங்க இருந்துச்சு”ன்னாரு நஞ்சுண்டன்.

“அப்ப இவன் பொய் சொல்றானா?”

சார், அவரு என்னையப் பாத்தாரு. கோவமாப் பாத்திருந்தாக் கூடச் சொல்லிப்போட்டிருப்பேன். கோவமே இல்லீங்க. பாடம் கேக்கறவனாட்டம் கேட்டாரு: “தம்பி, எந்தப் பக்கமா சாஞ்சிருந்துச்சு?” நான், “கெழக்க”ன்னேன். அந்த மலையில எனக்குக் கெழக்கு எது, மேக்கு எதுன்னே தெரியாதுங்க. அவரு தலையை ஆட்டிக்கிட்டாரு. கெழக்க பாக்காம உட்டுட்டேன் போலன்னு மொணகிக்கிட்டாரு. திருடனுக்குத் தேள் கொட்டினாப்ல உக்காந்திருந்தேன் நானு.

அவரைக் கீமேன் வேலையில இருந்து எறக்கிக் கீழ சமவெளியில மண்ணு வெட்டற கேங்குக்கு மாத்திட்டாங்க. எனக்குப் பதக்கம். ரெண்டும் ஒரே வாரத்துல. இந்தக் கெரகத்தைக் கேளுங்க, அவரு சாமான் சட்டெல்லாம் ஏத்திக்கிட்டுக் குடும்பத்தோட கீழ எறங்குன வண்டியில பிரேக்ஸ்மேன் யாருன்னீங்க? நாந்தான். அவரு சம்சாரம் ஒரு அம்மிக்கல்லைப் பிடிச்சுக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. மூணு மணி நேர எறக்கம். ஒவ்வொரு மைலுக்கும், அடுத்த மைல்ல சொல்லிரலாம், அடுத்த மைல்ல சொல்லிரலாம்னு போனேன். மைலு தீந்துபோச்சுங்க. எறங்கையில அவரு என்ற கையைப் பிடிச்சுக்கிட்டு, “நல்லா இரு தம்பி”ன்னாரு. நான், “நீங்களும்ங்ணா”ன்னேன். எவ்வளவு பெருந்தன்மை பாருங்க எனக்கு.

எங்கூட்டுலயா? அவளுக்கு மொத நாளே தெரியுமுங்க. போசியோட நெளிசலைப் பாத்ததும் கேட்டா. அவகிட்ட எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, சொன்னா மாட்டிக்குவேன். சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பறம் நஞ்சுண்டன் விசயம் கேள்விப்பட்டா பாருங்க, அன்னையில இருந்து சிரிப்பே நின்னுபோச்சு. “சொல்லிப்போடுங்க”ன்னா. “வேலை போயிருமே”ன்னேன். “அவருக்குப் போனது என்னவாமா?”ன்னா. பதக்கத்தோட நான் நிக்கற படத்தைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டினேன். அவ பக்கத்துலயே ஒரு ஆணி அடிச்சா. அதுல இந்தப் போசியை மாட்டினா. “நீங்க அதை மாட்டிக்குங்க, நான் இதை மாட்டிக்கறேன்”னா. முப்பத்து மூணு வருசம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தொங்குச்சு. ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கேப்பாங்க, படத்துக்குப் பக்கத்துல போசி எதுக்குன்னு. “அவரைக் கேளுங்க”ம்பா. நான் காப்பி குடிக்கறீங்களான்னு கேப்பேன்.

ரிட்டயரான மறு வாரம் அவதான் என்னைய பஸ் ஏத்திவிட்டா, நஞ்சுண்டன் ஊருக்கு. இப்பத்தான் வேலை போறதுக்குப் பயமில்லையே, போய்ச் சொல்லீட்டு வாங்கன்னு. போனேன். ஓட்டு ஊடு. வாசல்ல அவரு சைக்கிளுக்கு ஒரு பூட்டைப் பூட்டறாரு, இழுத்துப் பாக்கறாரு, மறுபடி தொறந்து பூட்டறாரு, மறுபடி இழுத்துப் பாக்கறாரு. சோடா பாட்டில் அடியாட்டம் ஒரு கண்ணாடி. என்னையக் கண்டதும் ஓடியாந்து கட்டிக்கிட்டாரு. உள்ள கூட்டிட்டுப் போனா, சாமி படத்துக்குக் கீழ பேப்பர்ல இருந்து வெட்டுன என்ற போட்டோ. குங்குமம் வெச்சிருக்குதுங்க. எனக்கு!

அவரு சொன்னதை அப்படியே சொல்றேன். “தம்பி, நீ மட்டும் அன்னைக்குப் பாக்காம உட்டிருந்தா நூத்திப் பத்து உயிரைக் கொன்ன பாவம் எனக்கு. நீதான் காப்பாத்துனே. ஆனா ஒண்ணு தம்பி, மரம் எனக்கு நேராத்தான் தெரிஞ்சுச்சு. சத்தியமா நேராத்தான் தெரிஞ்சுச்சு. அப்படின்னா என்ற கண்ணு பொய் சொல்லியிருக்குது. அன்னையில இருந்து நான் அதை நம்பறதில்ல.” பக்கத்துல இருந்த அவரு மக சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு, டாக்டரு பார்வையெல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னாராம். இவரு கேக்காம அடம் பிடிச்சு ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டாராம். ஒவ்வொண்ணையும் மூணு வாட்டி தொட்டுப் பாப்பாராம். கேங்குல எல்லாரும் ‘மூணு தட்டு’ன்னு பேரு வெச்சுக் கேலி பண்ணுவாங்களாம். பேத்தியைத் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்ட மாட்டாராம், வண்டி வர்றது தனக்குத் தெரியாமப் போயிருமோன்னு.

பதவி போனது, ஊரு போனது எல்லாம் நானும் கணக்குல வெச்சிருந்தனுங்க. ஒரு மனுசனோட கண்ணையே நான் எடுத்துட்டேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீங்களே சொல்லுங்க, அப்ப நான் என்ன செஞ்சிருக்கோணும்? நான் சாப்புட்டேன். இலை போட்டாங்க, சாப்புட்டேன். ரெண்டாந் தரம் ரசம் ஊத்திக்கிட்டேன். அவரு நிம்மதியா இருக்காரு, என்னைய நெனைச்சு ஒரு சந்தோசத்துல இருக்காரு, அதைக் கெடுக்கறது பாவம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுப் பஸ் ஏறிட்டேன். என்ற மனசு எவ்வளவு எளகுன மனசுன்னு பாருங்க. பழனாத்தா கதவைத் தொறந்ததும் மூஞ்சியைப் பாத்தா. போசியை ஆணியில நேரா நிமித்தி மாட்டிட்டு உள்ள போயிட்டா.

சொல்லத் தெரியாதவன்னு நெனைச்சுக்காதீங்க. இந்தக் கதையை நான் பதினோரு பேருக்குச் சொல்லியிருக்கேன். பஸ்ல ஒருத்தரு, சலூன்ல ஒருத்தரு, ஆஸ்பத்திரி வரிசையில மூணு பேரு. பேரு ஊரு தெரியாதவிகளாப் பாத்துச் சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. கழுதைக்குச் சிரிப்பாங்க, கோழிக் கொழம்புக்குச் சிரிப்பாங்க. நீங்களும் சிரிச்சீங்க. சிரிச்சுட்டா எனக்கு ஒரு பத்து நாளைக்கு நல்லாத் தூக்கம் வரும். அப்பறம் மறுபடி ஆளு தேடோணும். நீங்க பன்னெண்டாவது.

ஆனா இன்னைக்கு அப்படித் தப்பிக்க முடியாதுங்க. வெனையை நானே வெலைக்கு வாங்கி வெச்சிருக்கேன். விழாவுக்கு எனக்கு ரெண்டு பாஸ் அனுப்புனாங்க, சம்சாரத்தோட வரச் சொல்லி. பழனாத்தா, நான் வரலைன்னுட்டா. அந்தக் கோவத்துல, மறுபடியும் கைதான் முன்னாடி ஓடுச்சு, ரெண்டாவது பாஸை நஞ்சுண்டனுக்கு அனுப்பிப்போட்டேன். அப்ப இந்த மலர் வரலைங்க. அவரு பேரை இப்படிப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. பழனாத்தாகிட்டச் சொன்னேன். “அவரை எதுக்குங்க கூப்புட்டீங்க? உங்களுக்குக் கை தட்ட ஒரு ஆளு கொறையுதா?”ன்னா. அவரு மகளைக் கல்லுக்குழியிலதான் கட்டிக் குடுத்திருக்குது. நாலு நாளா அங்க வந்திருக்காரு. கல்லுக்குழியில எஞ்சின் தண்ணி பிடிக்கையில இந்தப் பெட்டியில ஏறுவாரு. மேல போனதும் அவரு கையிலயும் ஒரு மலர் குடுப்பாங்க. ‘கீமேன் நஞ்சுண்டனின் கவனக்குறைவால்.’ அதையும் மூணு வாட்டி தடவிப் பாத்துப் படிப்பாரு. படிச்சுட்டு, ஆமா, நெசந்தான்னு தலையாட்டிட்டு, எனக்குக் கை தட்டுவாரு. அதுதானுங்க எனக்குத் தாங்காது.

காலையில கெளம்பையில பழனாத்தா போசியை ஆணியில இருந்து எடுத்துப் புளி போட்டு வெளக்கி வெச்சிருந்தா. முப்பத்து மூணு வருசத்துல மொதத் தடவையா அதுல சோறு கட்டியிருக்கா. என்ற கையில குடுத்துட்டு, “ரெண்டு பேருக்கும் சேத்துக் கட்டியிருக்கேன்”னா. அவ்வளவுதான் சொன்னா. கோழிக் கொழம்புதானுங்க. மூடியைத் தொறக்காமயே தெரியுது.

பதக்கத்தை இப்பத் திருப்பிக் கேப்பாங்களா சார்? முப்பத்து மூணு வருசம் ஆனதுக்கு அப்பறமுமா? கேட்டாலுங் கேக்கட்டும். சட்டை ஓட்டையைத் தெச்சுக்கலாம். என்னைய விடுங்க, அவரு அடிச்சாருன்னா? அடிக்கற ஆளில்ல. அழுதுட்டாருன்னா? அதுக்குத்தான் எனக்குப் பயம்.

இதா, விசில் குடுக்கறான். வண்டி வேகங் கொறையுது பாருங்க. கல்லுக்குழி வந்துருச்சு. நீங்க எந்திரிக்காதீங்க, போட்டோ அப்பறம் எடுத்துக்கலாம். ஒரு ஒதவி பண்ணுங்க. நீங்க கேட்டவரு, எல்லாந் தெரிஞ்சவரு. நான் பேச்சை மாத்துவேன். மழையைப் பத்திப் பேசுவேன், பேத்தி எப்படி இருக்குதுன்னு கேப்பேன், கழுதை கதையை எடுத்து விடுவேன். என்னைய எனக்குத் தெரியும். அப்படி மாத்துனேன்னா இந்தப் போசி மேல ஒரு தட்டுத் தட்டுங்க. செவப்புக் கொடி காட்டறாப்ல. ஏன்னு கேக்காம நான் நின்னுக்குவேன்.

அதா, வெள்ளைச் சட்டை. கண்ணாடி. படியைக் கையால தடவிப் பாக்கறாரு பாருங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. இப்ப ஏறுவாரு.

வாங்கண்ணா, வாங்க. இந்தப் பக்கம் உக்காருங்க. பேத்தி நல்லா இருக்குதுங்களா? மழை வேற இந்த வருசம் சுத்தமா...

தட்டுங்க சார். தட்டிட்டீங்களா? சரி.

இல்லீங்ணா, சோறு அப்பறம் திங்கலாம். கையைக் குடுங்க. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுங்ணா. பரவால்ல, கழட்டுங்க, நான் பிடிச்சுக்கறேன். இன்னும் ரெண்டு மைல்ல அந்த எடம் வரும், நீங்க வெறுங் கண்ணாலயே பாக்கோணும். உங்க கண்ணு அன்னைக்குப் பொய் சொல்லலீங்ணா. பொய் சொன்னது என்ற வாயி.

மரம் நேராத்தான் இருந்துச்சு.